அமுக்கிப் பார்த்தீங்களா சார்?

2022-ம் வருஷம், மே மாதம். அக்னி நட்சத்திரம். பகல் ஒரு மணி. பூந்தமல்லி - ஆவடி ரோடு.

என் மாருதி 800-ல் ஐந்து பேர். நான் ஸ்டியரிங்கில். பக்கத்தில் அப்பா. பின்னால் அம்மா, மனைவி, நடுவில் தங்கை. தங்கைக்கு நிறைமாதம். அன்றைக்குக் காலையில்தான் குமணன்சாவடியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு, திருமுல்லைவாயலுக்கு, அழைத்துப் போகிறோம். எல்லார் மடியிலும் ஆளுக்கொரு தூக்கு. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல்...

சென்னீர்குப்பம் தாண்டியிருப்போம்.

"ஏங்க... இனிப்பா ஒரு வாசனை வருதில்ல?" என்றாள் மனைவி.

"சர்க்கரைப் பொங்கல்டீ. மூடியை நல்லா மூடு" என்றேன், ரொம்ப விவரமாக.

டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா திட்டுவாரே! ஏ.சி-யை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். முள் இன்னும் ஏறியது. அப்புறம் ஓர் அதிசயம் - ஏறிய முள் மடமடவென்று இறங்கி, கீழ்க்கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டது!

"ஆத்தா கருமாரி, காப்பாத்திட்ட!" என்று திருவேற்காடு இருக்கும் திசையைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கும்பிட்டு முடிக்கவில்லை. பானெட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆவி. பருத்திப்பட்டு வருவதற்குள் வண்டி ஓரங்கட்டியாகிவிட்டது.

"சர்க்கரைப் பொங்கலா வாசனை வந்துது?" என்றாள் மனைவி.

அந்தத் தழும்பு

இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். தோளில் இருந்த டவலை நான்காக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டேன். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"டேய்! கையை எடுடா!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாளைக்கு மொத்தம் 20 வார்த்தை பேசினால் அதிகம். அதில் 15 வார்த்தை காபி சம்பந்தப்பட்டது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்கம் போன ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது.

ஒன்றும் பேசாமல் முழுக்கைச் சட்டையின் வலது கைப் பட்டனைக் கழற்றி மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுருங்கி வழவழவென்று ஒரு தழும்பு. சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். 'வேலையில பட்டது' என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் ஏதோ டாங்கி செய்யும்போது பட்ட வீரத் தழும்பு என்று ஸ்கூலில் பெருமையடித்திருக்கிறேன்.

"டாங்கியுமில்ல, ஒண்ணுமில்ல. நீ பொறந்த வருஷம் ஃப்ரெண்டோட அம்பாசடர்ல திருத்தணி போனோம். வழியில சூடாயிடுச்சு. இதே மாதிரி டவலைச் சுத்திக்கிட்டுதான் தொறந்தேன். ஒன்றரை மாசம் உன்னைத் தூக்க முடியலை."

நான் டவலைத் தோளில் போட்டுக்கொண்டேன். கை நடுங்கியது.

முதல் வேலையாக, நின்றுபோன ஷேர் ஆட்டோவிலேயே தங்கையையும் அம்மாவையும் மனைவியையும் ஏற்றி அனுப்பினோம். தங்கை வளையலைக் கலகலவென்று ஆட்டி, "அண்ணா, நீ பொங்கல் சாப்பிட்டுட்டு வா!" என்று கிண்டலடித்துவிட்டுப் போனாள். அந்த வெயிலில், அந்த நிலைமையில் இருந்த பெண்ணை ரோட்டோரம் நிற்க வைத்த பாவத்துக்குக் காரணம் என்ன தெரியுமா?

முழம் நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர் பைப்!

முழ நீள ரப்பரின் மகிமை

காரில் நாம் போடும் பெட்ரோல் எல்லாம் சக்கரத்தைச் சுற்றப் போகிறது என்று நினைத்தால் தப்பு. அதன் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குத்தான் போகிறது. இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றில் ஆறி மறுபடி இன்ஜினுக்குப் போகிறது. போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ்.

இரும்புக் குழாயே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. இன்ஜின் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. ஆடுகிற மாமியாருக்கும் ஆடாத மருமகளுக்கும் நடுவில் வளைந்து கொடுக்கிற மகன் மாதிரி, ரப்பர்தான் சரிப்படும். (மகன்களுக்கும் ஹோஸுக்கும் ஆயுள் குறைவாக இருப்பது இதனால்தான்!)

ரேடியேட்டரே இல்லாமலும் கார் ஓடியிருக்கிறது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த காரை, 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார் - அம்மா வீட்டுக்கு! அந்த வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகவே போய்விடும். அதனால் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார் அந்த அம்மாள். 134 வருஷம் கழித்து பருத்திப்பட்டில் நானும் அதே நிலைமையில்.

சரி, அந்த மூடியைத் திறந்தால் ஏன் ஆபத்து? குக்கர் தத்துவம்தான். சின்ன கார்களின் ரேடியேட்டர் மூடியில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும். அவ்வளவு அழுத்தம் வரைக்கும் அது உள்ளே பிடித்து வைக்கும். 0.9 மூடி போட்டால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 118 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி. ஆனால் 110 டிகிரியில் உள்ளே கொதிக்காமல் அடங்கி இருக்கிற தண்ணீருக்கு நீங்கள் மூடியைத் திறந்துவிட்டால்? அழுத்தம் போச்சு. அந்த நொடியே கொதித்து ஆவியாகிப் பீறிட்டு அடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். டவலாவது, கோணியாவது!

இந்த மூடி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு. 1966-ல் பாடியில் போல்ட், நட்டு தயாரிக்க ஆரம்பித்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ்தான், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி சப்ளை செய்தது. நம்ம பாடி சார்! லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று 1960-களில் வரிசையாகக் கம்பெனிகள் எழுந்த இடம். பக்கத்திலேயே 1964-ல் வந்த அம்பத்தூர் எஸ்டேட். டன்லப் டயர் தொழிற்சாலை இருந்த அம்பத்தூர். இந்தப் பக்கம் 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட ஆவடி. கார், டயர், டாங்கி என்று ஊரே வாகனத்தால் ஆனது. அதே ஊரில், எஸ்டேட் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு, ஒரு ஹோஸைப் பார்த்து வைக்கத் தெரியவில்லை!

முள் ஏன் இறங்கியது?

அப்பா நடந்துபோய் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். 20 வயசு இருக்கும். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து ஒரே வார்த்தையில் சொன்னான்:

"மேல் ஓஸு பூட்ச்சு சார்."

"முள் இறங்கிடுச்சேப்பா... அப்புறம் எப்படி?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சார், முள்ளுக்கு சூடு சொல்ற சென்சார் தண்ணியில முங்கி இருக்கணும். தண்ணியே இல்லைன்னா அது இன்னா பண்ணும்? சும்மா காத்துல நிக்கும். முள்ளு கீழ வந்துடும். அப்பதான் சார் மெயினா டேஞ்சர்."

ஆக, நான் கருமாரிக்குக் கும்பிடு போட்ட அந்த நேரம்தான் என் இன்ஜின் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. இதை மட்டும் மறக்காதீர்கள்: ஏறிய முள் திடீரென்று விழுந்தால் நல்ல சகுனம் இல்லை. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

முக்கால் மணி நேரம் வண்டி ஆறட்டும் என்று விட்டோம். (அந்த நேரத்தில் மெக்கானிக் தம்பி புளிசாதம் ஒரு தூக்கு, தேங்காய் சாதம் அரைத் தூக்கு காலி செய்தான். கட்டணத்தில் கழித்துக்கொள்ளவில்லை.) சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் விடவில்லை. "கொதிக்கிற கண்ணாடி டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்துவியா சார்?"

ஹோஸ் கிழிந்திருந்தது கிளிப்புக்குப் பக்கத்தில், ஓரத்தில். அதனால் அந்த ஓர் அங்குலத்தை பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி கிளிப் போட்டான். ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பினான். ரேடியேட்டர் மூடியை முழுக்கத் திருகாமல், முதல் திருகிலேயே விட்டான். உள்ளே அழுத்தம் ஏறாமல் இருக்கத்தான்.

"வீட்டுக்கு மட்டும் போங்க சார். மெதுவா. நாளைக்கே புது ஓஸு மாத்திடுங்க."

அவன் போன பிறகு அப்பா சொன்னார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே:

"பொங்கலப்பவே சொன்னேன்."

சொன்னார்தான். தை மாதம் ஒருநாள் பானெட்டைத் திறந்து, "மேல் ஹோஸ் ஓரத்துல கொழகொழன்னு இருக்குடா. அமுக்கிப் பாரு" என்றார். 'பழைய காலத்து மனுஷன்' என்று நினைத்துக்கொண்டு, அந்த மாசச் சம்பளத்தில் 4,500 ரூபாய்க்கு சீட் கவர் போட்டேன். ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் ஹாரனும் போட்டேன். வண்டி நின்றபோது அந்த ஹாரன் பாடவில்லை.

அப்பாவின் பாடம்

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஜி.பி. ரோடு போனேன். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், நாலு கிளிப், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. சீட் கவரில் மூன்றில் ஒரு பங்கு!

ஒரு ஹோஸ்தானே போச்சு, ஏன் இரண்டு? இரண்டும் ஒரே நாள் பிறந்தவை; ஒரே சூட்டில் வெந்தவை. ஒன்று போனால் இன்னொன்று வரிசையில் நிற்கிறது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸுக்கு முன்னால், வீட்டு வாசலில் பாடம் ஆரம்பமானது. வண்டி ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. அப்பா பழைய கீழ் ஹோஸை என் கையில் பிடித்துக் காட்டினார்.

"முழுக் கையால பிடிக்காதே. கட்டை விரல், ஆள்காட்டி விரல். கிளிப்புக்குப் பக்கத்துல இரண்டு அங்குலத்துக்குள்ள அமுக்கு. அப்புறம் நடுவுல அமுக்கு. வித்தியாசம் தெரியுதா?"

தெரிந்தது. நடுவில் கெட்டி. ஓரத்தில் பழுத்த வாழைப்பழம்! ஆனால் மேல்தோல் பளபளவென்று புதுசு மாதிரி. கழற்றி, நீளவாக்கில் கிழித்துப் பார்த்தோம். உள்ளே கோடு கோடாக வெடிப்பு.

இதுதான் ஏமாற்று வேலை. இந்தக் காலத்து ஹோஸ்கள் ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர். வெளிச் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் இன்ஜின் உலோகம், ரப்பரில் இருக்கும் கரி, நடுவில் கூலன்ட் - மூன்றும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்கின்றன. அந்த மெல்லிய மின்னோட்டம் ரப்பரை உள்பக்கமாக, அதிலும் ஓரத்தில், அரித்துவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பார்த்தால் போதாது, அமுக்க வேண்டும்.

கழற்றும்போது நான் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பப் போனேன். கையில் ஓர் அடி விழுந்தது. ரேடியேட்டர் வாய் பிளாஸ்டிக். நெம்பினால் உடைந்து, ரேடியேட்டரே மாற்ற வேண்டி வரும். ஒட்டிக்கொண்ட ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி, வாழை மட்டை உரிக்கிற மாதிரி உரித்தார். வாயை எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்தார்.

"கிரீஸ் தடவட்டுமாப்பா, சுலபமா ஏறுமே?"

"எண்ணெய் பட்டா இந்த ரப்பர் ஊதிடும். கொஞ்சம் கூலன்ட்டைத் தொட்டுத் தடவு."

புது ஹோஸை மாட்டும் முன்னால் கிளிப்பை அதில் கோத்துக்கொள்ள வேண்டும் (நான் மறந்தேன், மறுபடி கழற்றினேன்). கிளிப் உட்கார வேண்டிய இடம், வாயில் இருக்கும் விளிம்பு மேட்டுக்கு உள்பக்கம். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் நழுவிவிடும். 'இன்னும் ஒரு சுத்து' என்று முறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும். இந்தத் திருகு கிளிப்பைக் கண்டுபிடித்து 1921-ல் காப்புரிமை வாங்கியவர் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர். நூறு வருஷமாக மாறாத சாமான்.

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. எங்கள் வீட்டு போர் தண்ணியைத் தொடவே விடவில்லை அப்பா. "நம்ம வீட்டு குக்கர் அடியில வெள்ளையா படிஞ்சிருக்கே, அது ரேடியேட்டருக்குள்ள படியணுமா?"

மூடியைத் திறந்தே வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்தோம். முதலில் மேல் ஹோஸ் சுட்டது. கொஞ்ச நேரத்தில் தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸும் சுட்டது. உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக வந்து நின்றது. குறைந்ததை நிரப்பி மூடியைப் போட்டோம். அடுத்த நாள் காலை ஆறிய பிறகு மறுபடி அளவு பார்த்து, கிளிப்பைத் தொட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடை ஓரமாகக் கொட்டப் போனவனையும் தடுத்தார். அது இனிக்கும்; ஆனால் விஷம். தெருநாய் நக்கினால் செத்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் கேனில் அடைத்து, ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

★ மாதம் ஒருமுறை, காலையில், வண்டி ஆறியிருக்கும்போது ஹோஸ்களை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். ஓரம் கொழகொழவென்றால் மாற்றுங்கள்.

★ கல் மாதிரி இறுகி, வெடிப்பு விட்டிருந்தால் சூட்டில் வெந்துவிட்டது. ஊதி, பஞ்சு மாதிரி இருந்தால் எங்கோ ஆயில் ஒழுகிப் பட்டிருக்கிறது. ஒழுகலையும் அடையுங்கள்.

★ வண்டி ஆறியதும் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போனால் குற்றவாளி ஹோஸ் இல்லை. பெரும்பாலும் மூடியில் இருக்கும் வால்வு. மூடியை மாற்றுங்கள்.

★ மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது ரேடியேட்டர் அடைப்பு.

★ காருக்குள் இனிப்பு வாசனை வந்தால், மடியில் பொங்கல் இருந்தாலும், இறங்கிப் பாருங்கள்.

★ உங்கள் மாடலுக்கென்றே வளைத்து வார்த்த ஹோஸையே வாங்குங்கள். நேர் பைப்பை வளைத்து மாட்டினால் மடங்கி, தண்ணீர் ஓடாது.

★ நன்றாக இருந்தாலும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

★ சூடான வண்டியில் மூடியைத் திறக்காதீர்கள். திறக்காதீர்கள். திறக்காதீர்கள்.

தங்கைக்கு ஜூன் மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினோம், அதே 800-ல். வழியெல்லாம் நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் நின்ற முள் அசையவே இல்லை. குழந்தையை முதலில் கையில் வாங்கியவர் அப்பா. சட்டையின் கை சுருட்டியிருந்தது. குழந்தையின் தலை சரியாக அந்தத் தழும்பின் மேல் இருந்தது.

'ஒன்றரை மாசம் உன்னைத் தூக்க முடியலை' என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

இப்போதெல்லாம் மாதத்தின் முதல் ஞாயிறு, காபிக்கு முன்னால், பானெட்டைத் திறந்து அமுக்கிப் பார்க்கிறேன். அப்பா வாசலில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சீட் கவர் கிழிந்துவிட்டது. அது கிடக்கட்டும்!